மீன் ஏலத்திலிருந்து தொடங்குங்கள்: ஒரு வணிகவியல் ஆசிரியைக்குப் பதில்

கேள்வி: கடலூர் முதுநகர் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன் வணிகவியல் எடுக்கிறேன். தரகர், கழிவு முகவர் (கமிஷன் ஏஜென்ட்), மொத்த வியாபாரி என்று எதைக் கேட்டாலும் பிள்ளைகள் வரையறையை ஒப்பிக்கிறார்கள். ஒரு சூழ்நிலையைச் சொல்லி 'இதில் இவர் யார்?' என்றால் விழிக்கிறார்கள். வெளியே அழைத்துப் போகப் பள்ளியில் வசதி இல்லை. எப்படிப் புரியவைப்பது?

பதில்: வெளியே போகவே வேண்டாம். துறைமுகத்து ஏலத்தைச் சின்ன வயதிலிருந்து பார்த்த பிள்ளைகள் உங்கள் வகுப்பிலேயே இருப்பார்கள். புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, ஒரு கூடை மத்தி படகிலிருந்து இறங்கி வீட்டுச் சட்டிக்கு வரும்வரை யார் யார் கையைக் கடக்கிறது என்று கேளுங்கள். படகு உரிமையாளர், ஏலம் விடுபவர், ஐஸ் போட்டு வெளியூர் அனுப்பும் வியாபாரி, தெருவில் விற்கும் அம்மா என்று அவர்களே வரிசையாகச் சொல்வார்கள். அதைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே இரண்டே கேள்வி கேளுங்கள். சரக்கு இப்போது யாருடையது? கெட்டுப்போனால் நஷ்டம் யாருக்கு?

இந்தப் பாடத்தின் உயிர் இந்த இரண்டு கேள்வியில்தான் இருக்கிறது. ஏலம் விடுபவர் மீனைத் தொட்டுத் தூக்கிக் காட்டுகிறார், விலை கூவுகிறார், ஆனால் மீன் அவருடையது இல்லை. அவருக்குக் கமிஷன் மட்டும்தான். அவர் முகவர். கூடையை ஏலத்தில் எடுத்த அம்மாவோ மாலைக்குள் விற்காவிட்டால் தன் கைக்காசை இழப்பார். அளவில் சிறியவர் என்றாலும் அவர்தான் வணிகர். இது பிடிபட்டபிறகு புத்தகத்தைத் திறக்கச் சொல்லுங்கள். பெயர்கள் தானாகப் போய் உட்காரும்.

நேரம் இருந்தால் இன்னொரு படி போகலாம். 1930-ம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64-வது பிரிவுப்படி, ஏலம் முடிந்தது என்று ஏலம் விடுபவர் சுத்தியல் தட்டியோ வழக்கமான வேறு முறையிலோ அறிவிக்கும்போதுதான் விற்பனை முடிகிறது. வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், சரக்கின் உரிமை யாருக்குப் போகிறதோ அவருக்கே நஷ்டப் பொறுப்பும் போகும் என்கிறது 26-வது பிரிவு. பிளஸ் டூ பாடத்துக்கு இப்போதே அடித்தளம் விழுந்துவிடும்.

யாராவது ஒரு பையன் எழுந்து, "ஏலம் விடுறவர்தானே மிஸ் படகுக்காரருக்கு முன்பணம் கொடுக்கிறார்?" என்று கேட்பான். அவனைத் தட்டிக் கொடுங்கள். பல துறைமுகங்களில் அப்படித்தான் நடக்கிறது. முன்பணம் வாங்கியவர் தன் மீனை அவர் வழியாகத்தான் விற்றாக வேண்டும். ஒரே ஆள் முகவராகவும் கடன் கொடுப்பவராகவும் இருக்கலாம். நிஜ வியாபாரம் புத்தகத்தின் கட்டங்களுக்குள் அடங்காது என்பதைப் பிள்ளைகள் இந்த வயதிலேயே பார்ப்பது நல்லது. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: 'உங்கள் வீட்டில் எவ்வளவு வாங்கியிருக்கிறீர்கள்?' என்று எந்தப் பிள்ளையையும் கேட்டுவிடாதீர்கள். தொழிலைப் பற்றிப் பேசலாம், வீட்டுக் கடனைப் பற்றி வகுப்பில் பேச்சே வரக்கூடாது.

அடுத்த வகுப்புக்குப் பண்ருட்டி முந்திரி. மீன் போல அன்றே விற்க வேண்டிய அவசரம் இல்லை, சேமித்து வைக்கலாம். அதனால் தரம் பிரித்தலும் கிடங்கும் இதில் நன்றாக விளங்கும். டபிள்யூ 240, டபிள்யூ 320 என்ற எண்கள் ஒரு பவுண்டில், அதாவது சுமார் 454 கிராமில், அதிகபட்சம் எத்தனை முழுப் பருப்பு நிற்கும் என்பதைக் குறிக்கின்றன. எண் கூடினால் பருப்பு சிறிது. இந்த எண்ணைச் சொன்னால் போதும், டெல்லியில் இருப்பவர் பார்க்காமலே ஆர்டர் கொடுப்பார்.

அப்புறம் கூலிக்குக் கொட்டை உடைப்பவரைப் பற்றிக் கேளுங்கள். மூட்டை அவர் வீட்டில் கிடக்கிறது, சரக்கு யாருடையது? வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போடும். போடட்டும், நீங்கள் சீக்கிரம் விடை சொல்லிவிடாதீர்கள். கையில் இருப்பதும் உரிமையும் வேறு என்று அவர்களே கண்டுபிடித்தால் மறக்கவே மாட்டார்கள்.

சரி, தேர்வு? ஐந்து மதிப்பெண் கேள்விக்குப் புத்தகத்தின் சொற்களும் தலைப்புகளும் வேண்டும்தான், அதை விட்டுவிட முடியாது. பேசி முடித்ததும் அவரவர் சொந்த நடையில் வேறுபாடுகளை எழுதட்டும். பிறகு புத்தகத்தோடு ஒப்பிட்டு, விடுபட்டதை வேறு மையில் சேர்க்கட்டும். வாரம் ஒரு சூழ்நிலைக் கேள்வியைப் பிள்ளைகளையே தயாரித்து வரச் சொல்லுங்கள். நல்லதாக வந்ததை மாதத் தேர்வில், எழுதியவர் பெயரோடு அப்படியே வையுங்கள்.