ஏழு பேர் சேர்ந்தால்: மட்டக்களப்பு, அம்பாறைத் தொழிலாளர் கேட்டவையும் என் பதில்களும்

சம்பளம், சேமலாப நிதி (ஓய்வுக்காலத்துக்காகச் சம்பளத்தோடு சேரும் EPF), சங்கம் பற்றி எந்தச் சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நினைத்ததைவிட அதிகமாகவே கேள்விகள் வந்துவிட்டன. கேட்டவர்களின் பெயரை எடுத்துவிட்டு ஊரையும் தொழிலையும் மட்டும் வைத்திருக்கிறேன். முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று பலர் அஞ்சுகிறார்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு சொல். அம்பாறைக் கரையோரத்தில் ஒரு நெல் ஆலையில் பதினொரு வருடம் கணக்கு எழுதினேன். மாதந்தோறும் எங்கள் சம்பளத்தில் எட்டு வீதம் வெட்டப்பட்டதை என் கையாலேயே பதிந்தேன். ஆலை கைமாறியபோது விசாரித்தால், ஆறு வருடக் காசு நிதிக்குப் போகவே இல்லை. மூடை சுமந்தவர்களின் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது. அந்தக் காசுக்காக அலைந்த அலைச்சலில்தான் சட்டமும் சங்கமும் கற்றுக்கொண்டேன். நான் சட்டத்தரணி அல்ல. வழக்கென்று வந்தால் சட்டத்தரணியிடம்தான் அனுப்புவேன்.

கல்லடி, மேசனுக்குக் கையாளாக வேலை செய்பவர்: அக்கா, நாங்கள் நான்கு பேர் மூன்று கிழமை வேலை செய்தோம். கொந்தராத்துக்காரர் "பில் வரட்டும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார், இப்போது தொலைபேசியையே எடுப்பதில்லை. எங்களிடம் கடிதம் ஏதும் இல்லை.

தம்பி, கடிதம் இல்லை என்பதற்காக நீங்கள் செய்த வேலை இல்லாமல் போகாது. இன்றைக்கே ஒரு கொப்பி வாங்கி, நால்வரும் ஒன்றாக உட்கார்ந்து எழுதுங்கள்: எந்தத் திகதி, யாருடைய வீடு, என்ன வேலை, எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடித்தீர்கள், பேசிய கூலி எவ்வளவு, கையில் வந்தது எவ்வளவு. தட்டுக் கட்டும்போது தொலைபேசியில் எடுத்த படம் இருந்தால் அதுவும் சாட்சிதான். முன்பு இப்படி வந்த இரண்டு பேரிடம் ஒன்றுமே இல்லை என்று நினைத்திருந்தோம். பிறகு பார்த்தால் சீமெந்துக் கடை ரசீதில் பொருளைப் பெற்றுக்கொண்டவராக அவர்களில் ஒருவர் கையெழுத்துப் போட்டிருந்தார். அந்த ஒரு துண்டு போதுமானதாக இருந்தது.

கொப்பியோடு தொழில் திணைக்களத்தின் அலுவலகத்துக்கு நால்வரும் சேர்ந்து போங்கள். முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின் 2025ஆம் ஆண்டுத் திருத்தப்படி 2026 ஜனவரி முதல் ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 30,000 ரூபாய், நாட்சம்பளம் 1,200 ரூபாய். பேசிய கூலி அதைவிடக் கூடுதலாக இருந்தால் பேசிய கூலியே உங்களுக்கு உரியது. 1,200 ரூபாய்க் கணக்கில் முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

மட்டக்களப்பு நகர், புடவைக்கடை ஊழியர்: காலை எட்டரையிலிருந்து இரவு எட்டு மணிவரை வேலை. சேமலாப நிதி கேட்டால் "நீ இன்னும் நிரந்தரமில்லை" என்கிறார்கள். இது சரியா?

சரியில்லை தங்கச்சி. ஊழியர் சேமலாப நிதிக்கு நிரந்தரம், தற்காலிகம் என்ற பாகுபாடு கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே அது உங்களுக்கு உரியது. உங்கள் பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம். அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி 3 வீதம் கட்ட வேண்டும், அதில் ஒரு சதம்கூட உங்கள் சம்பளத்திலிருந்து எடுக்க முடியாது. 30,000 ரூபாய்ச் சம்பளத்துக்குக் கணக்குப் பார்த்தால் சேமலாப நிதிக்கு மாதம் 6,000 ரூபாயும் நம்பிக்கை நிதியத்துக்கு 900 ரூபாயும் போக வேண்டும். நான்கு வருடம் கடையில் நின்றிருந்தால் எவ்வளவு என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். மகளின் படிப்புக்கு ஆகும் காசு அது.

கடை, காரியாலய ஊழியர் சட்டம் 1954இலிருந்து இருக்கிறது. நாளுக்கு எட்டு மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம், அதற்கு மேற்பட்டால் ஒன்றரை மடங்கு. நீங்கள் சொல்லும் நேரத்தைப் பார்த்தால் ஒவ்வொரு நாளும் உங்களிடமிருந்து மேலதிக வேலையைச் சும்மா வாங்குகிறார்கள். வந்த நேரம், போன நேரம் இரண்டையும் தினமும் குறித்து வையுங்கள். வெற்றுத் தாளில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

பாசிக்குடா, விடுதி ஊழியர்: ஆறு வருடம் வேலை செய்து விலகினேன். பணிக்கொடை உண்டா?

பதினைந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடமென்றால், ஐந்து வருடம் முடித்தவருக்கு 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம். விலகினாலும் உண்டு. பதினைந்துக்குக் குறைவென்றால் தொழில் வழக்குகளை விசாரிக்கும் தொழில் நியாய சபையை நாடலாம். அங்கே காலவரம்பு இருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள்.

ஏறாவூர்ப் பக்கம், ஆடைத் தொழிற்சாலை ஊழியர்: சங்கம் தொடங்க ஆசை. ஆனால் பெயர் கொடுத்த முதல் ஆளை வெளியே போட்டுவிடுவார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

இந்தப் பயத்தை நான் சிறிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நானே அனுபவித்தேன். ஆலையில் நாங்கள் முதலில் எழுதிய மனுவில் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கையெழுத்து வாங்கினோம். மேலே இருந்த முதல் பெயர் ஒரு விதவைத் தாயுடையது. மறுவாரமே அவரை உமி அள்ளும் பகுதிக்கு மாற்றினார்கள், இருமலோடு இரண்டு மாதம் தாக்குப்பிடித்துவிட்டு வேலையை விட்டுவிட்டார். அது எங்கள் பிழை. இரண்டாவது மனுவில் வட்டமாகக் கையெழுத்து வாங்கினோம், சூரியகாந்திப் பூவின் இதழ் போல. யார் முதலில் போட்டது என்று எவராலும் சொல்ல முடியவில்லை.

சட்டம் உங்கள் பக்கம் நிற்கும் இடங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். தொழிற்சங்கம் அமைப்பதும் அதில் சேர்வதும் அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை தரும் உரிமை. 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டப்படி ஏழு பேர் கையெழுத்திட்டால் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். சங்கம் உருவாகி மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒருவரை வேலையிலிருந்து நீக்குவது கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் 1999ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி முறையற்ற தொழில் நடைமுறை. அதே திருத்தம், ஊழியர்களில் 40 வீதத்தினர் உறுப்பினரானால் முதலாளி அந்தச் சங்கத்தோடு பேசியே ஆக வேண்டும் என்கிறது.

ஏழுக்கும் நாற்பது வீதத்துக்கும் இடையில் நீண்ட தூரம் இருக்கிறது, அந்தத் தூரத்தில்தான் பெரும்பாலான முயற்சிகள் களைத்துப்போகின்றன. ஆகவே வாசலில் துண்டுப் பிரசுரம் கொடுத்துத் தொடங்காதீர்கள். உங்கள் தையல் வரிசையில் யாருக்குச் சுகமில்லை என்றால் எல்லோரும் யாரிடம் போய்ச் சொல்கிறார்களோ, அந்தப் பெண்ணைக் கண்டுபிடியுங்கள். அவள் கூட்டத்தில் பேசாதவளாக இருக்கலாம், ஆனால் அவள் வந்தால் பத்துப் பேர் வருவார்கள். தொழிற்சாலை பஸ்ஸில் பேசாதீர்கள், காது அதிகம். வீட்டுத் திண்ணையில் மூன்று பேராகப் பேசுங்கள். முதல் கோரிக்கையாகச் சம்பள உயர்வை வைக்காமல், வெல்லக்கூடிய சிறிய ஒன்றை வையுங்கள்: மலசலகூடத்துக்குப் போக அட்டை வாங்கும் முறையை நிறுத்துவது போல. ஒன்றை வென்ற பிறகு பயம் பாதியாகக் குறைவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

சம்மாந்துறை, நெல் ஆலைத் தொழிலாளி: நாங்கள் கூலி கூட்டிக் கேட்டால் "தமிழ் ஊரிலிருந்து குறைந்த கூலிக்கு ஆள் எடுப்பேன்" என்கிறார் முதலாளி. அங்கே இருப்பவர்களிடம் எங்களைச் சொல்லி மிரட்டுகிறாராம். இதை எப்படி முறியடிப்பது?

காக்கா, எனக்கு வந்த கேள்விகளில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது இதுதான். எங்கள் ஆலையிலும் இதே கதை. சேமலாப நிதி முறைப்பாடு போட்ட பிறகு, முஸ்லிம் தொழிலாளர்கள் தனியாகப் பேசி முடித்துவிட்டார்கள் என்று தமிழர்களிடம் சொன்னார்கள். தமிழர்கள் முடித்துவிட்டார்கள் என்று முஸ்லிம்களிடம் சொன்னார்கள். இரண்டு கிழமை நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துப் பேசவில்லை. பழைய காயங்கள் உள்ள மாவட்டம் இது, இப்படியான பேச்சு இங்கே சுலபமாகப் பற்றிக்கொள்ளும். கடைசியில் ஒரு தேநீர்க் கடையில் இரண்டு முதியவர்கள் மனம் பொறுக்காமல் நேரே கேட்டுக்கொண்டார்கள். இருவரிடமும் ஒரே பொய்தான் சொல்லப்பட்டிருந்தது.

அதன் பிறகு ஒரு விதி வைத்தோம். நிர்வாகத்திடமிருந்து எந்தச் செய்தி வந்தாலும் இரண்டு ஊரிலிருந்தும் ஒவ்வொருவர் ஒன்றாக நின்றுதான் கேட்க வேண்டும். தனியாகக் கூப்பிட்டால், "மற்றவரும் வரட்டும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட வேண்டும். கூட்டத்தைக் கோவில் மண்டபத்திலும் வைக்கவில்லை, பள்ளிவாசலிலும் வைக்கவில்லை, பொது நூலகத்தில் வைத்தோம். வெள்ளிக்கிழமை நண்பகலையும் கோவில் திருவிழா நாட்களையும் தவிர்த்தோம். நோன்பு மாதத்தில் மாலைக் கூட்டம் கிடையாது. இவை சிறிய விஷயங்களாகத் தெரியலாம். என் நேரத்தையும் நினைத்திருக்கிறார்கள் என்று ஒருவர் உணர்ந்தால்தான் அடுத்த கூட்டத்துக்கும் வருவார்.

2021 பெப்ரவரியில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டிவரை நடந்த பேரணி உங்களுக்கு நினைவிருக்கும். தமிழர் நிலத்துக்காகக் குரல் கொடுத்த அதே நடையில் கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்களை (உடல்களை) எரிக்காதே என்ற கோரிக்கையும், மலையகத் தோட்டத் தொழிலாளருக்கு 1,000 ரூபாய் நாட்சம்பளம் என்ற கோரிக்கையும் இருந்தன. ஐந்து நாள் சாத்தியமானதை ஆலைக்குள் ஐந்து வருடம் நடத்திக் காட்டுவது உங்களைப் போன்றவர்களின் கையில் இருக்கிறது. முதலில் அந்தத் தமிழ் ஊரில் ஒருவரை எனக்குத் தெரியப்படுத்துங்கள், சந்திப்புக்கு நானும் வருகிறேன்.

படுவான்கரை, வயல் கூலிப் பெண்: ஒரு கிழமை ஒரு போடியாருக்கு (வயல் சொந்தக்காரருக்கு), மறு கிழமை இன்னொருவருக்கு என்று வேலை. எங்களுக்கு யார் முதலாளி? யாரோடு பேசுவது?

அக்கா, சங்கம் ஒரு முதலாளியின் கீழ்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. ஒரே தொழில் செய்பவர்கள் ஊரளவில் சேரலாம். ஆனால் எப்போது பேசுவது என்பதைச் சரியாகப் பிடிக்க வேண்டும். முன்பு வேளாண்மை வெட்டுக் காலத்தில் கூலிக்காரர் கை ஓங்கியிருந்தது. இப்போது வெட்டும் மெஷின் வந்துவிட்டது. இன்றைக்கு உங்கள் கை தேவைப்படுவது வரம்பு கட்டவும், களை பிடுங்கவும், பயிர் செத்த இடத்தில் நாற்று நடவும்தான். ஆகவே பெரும்போகம் தொடங்கும் முன்பே ஊரில் எல்லோரும் கூடி ஒரே கூலியை முடிவு செய்யுங்கள். அதற்குக் கீழே எவரும் இறங்குவதில்லை என்று ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுங்கள்.

போகத்துக்கு முன் நடக்கும் ஆரம்பக் கூட்டத்தில் நீர் திறக்கும் நாள், விதைப்பு நாள், மாடுகளை அப்புறப்படுத்தும் நாள் எல்லாம் தீர்மானிக்கிறார்கள். வயலில் இறங்கி வேலை செய்யும் பெண்ணின் கூலி அங்கே பேசப்பட்டு நான் கேட்டதில்லை. இந்த முறை பத்துப் பெண்களாகப் போய் உட்காருங்கள். பேச விடாவிட்டாலும் கோரிக்கையை எழுத்தில் கொடுத்துப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வாருங்கள்.

அக்கரைப்பற்று, வீட்டுவேலை செய்பவர்: இந்த 30,000 ரூபாய் எங்களுக்கும் உண்டா?

இல்லை. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. 2016ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வீட்டுப் பணியாளரை வெளியே நிறுத்தியிருக்கிறது. சேமலாப நிதியும் கிடையாது. அவர்களுக்கென்று உள்ள பழைய சட்டம் 1871ஆம் ஆண்டினது, அது அவர்களைப் பதிவு செய்வது பற்றியது. எங்கள் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டுகிறவர்களைச் சட்டம் தொழிலாளியாகவே பார்க்காமல் இருப்பதை நாம் எல்லோரும் சேர்ந்துதான் மாற்ற வேண்டும். அதுவரை ஒரே தெருவில் வேலை செய்பவர்கள் சம்பளத்தை ஒளிக்காமல் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளுங்கள்.

சித்தாண்டி, பால் பண்ணையாளர் மகன்: நாங்கள் யாரிடமும் சம்பளம் வாங்குவதில்லை. மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காக 2023 செப்டம்பரில் எங்கள் ஆட்கள் இங்கே போராடத் தொடங்கினார்கள். இது தொழிலாளர் விஷயமா?

ஆம். மேய்ச்சல் தரை உங்கள் தொழிற்களம். அது போனால் நாளை உங்கள் பிள்ளைகள்தான் குறைந்த கூலிக்கு நகரத்தில் வரிசையில் நிற்பார்கள்.

காரைதீவு, இளைஞர்: தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்து எட்டு மாதம். "பார்க்கிறோம்" என்கிறார்கள்.

முறைப்பாட்டு இலக்கம் இருக்கிறதா? இல்லையென்றால் முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள். பிறகு 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் கொடுங்கள். "என் முறைப்பாடு தொடர்பாக எந்தெந்தத் திகதியில் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று ஒரே ஒரு வரி கேட்டால் போதும். தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை அவர்கள் 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். பதில் சிங்களத்தில் மட்டும் வந்தால் தமிழில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. எங்கள் ஆலைக் கோப்பு ஒரு வருடம் அசையாமல் கிடந்தது. எழுத்தில் கேள்வி போன பிறகுதான் விசாரணைக்குத் திகதி வந்தது.

வாழைச்சேனை, மாதர் சங்கச் செயலாளர்: பெண்கள் கூட்டத்துக்கு வருகிறார்கள், ஆனால் நிலைப்பதில்லை. காசு சேர்ப்பதிலும் சண்டை.

உங்கள் கூட்டம் எத்தனை மணிக்கு? மாலை ஆறு என்றால் அது சமையல் நேரம், பிள்ளைகளின் பாட நேரம். 2022 பொருளாதார நெருக்கடியில் மட்டக்களப்பில் பெண்கள் நீதிக்கான நடையைத் தொடங்கி நாள்தோறும் நடந்தார்கள். அதைப் பார்த்து நான் படித்தது ஒன்று: மேடையும் பேச்சும் இல்லாவிட்டாலும் ஒரே நேரம், ஒரே பாதை என்று இருந்தால் வரமுடிந்தவர் வந்து சேர்ந்துகொள்வார். வராத நாளுக்கு யாரையும் குறை சொல்லாதீர்கள்.

காசு விஷயத்தில் மட்டும் தளர்ச்சி வேண்டாம். மாதம் 50 ரூபாய் என்றாலும் ரசீது எழுதுங்கள். பெட்டி ஒருவர் வீட்டில், திறப்பு இன்னொருவர் வீட்டில் இருக்கட்டும். கணக்கை ஒவ்வொரு கூட்டத்தின் தொடக்கத்திலும் உரக்க வாசியுங்கள், எழுத வாசிக்கத் தெரியாதவரும் கேட்கட்டும். கொப்பியின் முதல் பக்கத்தை எனக்குப் படம் எடுத்து அனுப்புங்கள், கோடு போடும் விதத்தைச் சொல்லித் தருகிறேன்.