முத்திரை தெரிஞ்சா போதுமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மக தரம் 8, ஸ்கூல்ல நடனம் எடுத்திருக்கா. பதாகம்ங்கிற கை முத்திரைன்னா மேகம், காடு, ஆறு, ராத்திரி, குதிரை, காத்து, வேணாம்னு மறுக்கிறது எல்லாமே அதுதான்னு பாடமாக்குறா. ஒரே கை இத்தனைக்கும் எப்படிங்க சரிவரும், பாக்குறவங்களுக்கு எப்படி விளங்கும்? – ஒரு அம்மா, ஹட்டன்

பதில்: கையை மட்டும் பாத்தா விளங்காதுதான். நாலு விரலையும் ஒட்டி நேரா நீட்டி பெருவிரலை மடக்கி பக்கத்துல ஒட்ட வச்சா பதாகம், ஆனா அந்த நிமிஷம் அது ஒண்ணுமே சொல்லல. அதே கையை முன்னால நீட்டி முகத்தை ஒரு பக்கம் திருப்பினா வேணாம்னு அர்த்தம் வந்துரும், ரெண்டு கையையும் தலைக்கு மேல கொண்டுபோய் மெதுவா நகத்தி கண்ணையும் கூடவே மேல அனுப்பினா மேகம், இடுப்புக்குக் கீழ நெளிய விட்டு பார்வையை தூரமா ஓட விட்டா ஆறு. கூடவே பாட்டும் ஓடுதில்ல, வரியில ஆறு வந்தா சபைக்கு ஆறுதான் தெரியும், யாரும் குதிரைன்னு நினைக்க மாட்டாங்க.

அபிநய தர்ப்பணம்ங்கிற பழைய நடன நூல்ல கை போற இடத்துக்கு கண்ணு போகணும், கண்ணு போற இடத்துக்கு மனசு போகணும்னு ஒரு சுலோகம் இருக்கு, உங்க மகளும் பாடமாக்கியிருப்பா. பிரச்சினை என்னன்னா நிறைய புள்ளைங்க விநியோகத்தை, அதாவது ஒரு கை எதுக்கெல்லாம் வரும்ங்கிற பட்டியலை, வாய்ப்பாடு மாதிரி வேகமா ஒப்பிச்சுட்டு கையை மாத்திக்கிட்டே போறாங்க, கண்ணு ரெண்டும் டீச்சர் மூஞ்சியிலதான் நிக்குது. வீட்டுல ஒரு வேலை பண்ணுங்க, சுலோகம் சொல்லாம பாட்டும் போடாம ஆறு மட்டும் காட்டச் சொல்லுங்க, உங்களுக்கு ஆறுன்னு தெரியுதான்னு பாருங்க. பெருவிரலையும் கவனிங்க, அது வெளிய நீட்டிக்கிட்டு நின்னா அது பதாகமே இல்ல, அர்த்தசந்திரம். பிராக்டிகல்ல மார்க் போறது பெரும்பாலும் இந்த மாதிரி இடத்துலதான்.

கேள்வி: ஒரு புத்தகத்துல ஒற்றைக்கை முத்திரை 28, இன்னொண்ணுல 24. எதை எழுதுறது? – ஓ லெவல் மாணவி, பதுளை

பதில்: ரெண்டும் சரி. 28 நந்திகேஸ்வரரோட அபிநய தர்ப்பணக் கணக்கு, 24 பரதரோட நாட்டிய சாஸ்திரக் கணக்கு. கேள்வியில எந்த நூல் பேர் இருக்குன்னு பாத்துட்டு எழுதுங்க. பரதநாட்டிய வகுப்புல பழகுறது பெரும்பாலும் அபிநய தர்ப்பணக் கை.

கேள்வி: தமிழ்த்தினப் போட்டிக்கு கொழுந்து பறிக்கிற நடனம் ஒண்ணு பழக்குறேன். கொழுந்துக்கு முத்திரை உண்டா? – ஆசிரியை, தலவாக்கலை

பதில்: தேயிலைன்னு தனியா ஒரு கை கிடையாது டீச்சர், அபிநய தர்ப்பணம் எழுதின காலத்துல இங்க தேயிலையே இல்லையே. ஆனா பூப்பறிக்கிறதுக்கு கடகாமுகம் இருக்கு, சுட்டுவிரலும் நடுவிரலும் பெருவிரலைத் தொட மத்த ரெண்டு விரலும் மேல எழும்பி நிக்கும். ரெண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளுறதுக்கு அது அழகா பொருந்தும். ஒண்ணு மட்டும், பூப்பறிக்கிற நாயகி ஒவ்வொரு பூவா ரசிச்சு எடுப்பா, மலையில அப்படி எடுத்தா அன்னைக்கு கிலோ சேராது. ரெண்டு கையும் மாறி மாறி ஓடும், கை நிறைஞ்சதும் தோளுக்கு மேலால பின்னுக்குப் போகும், திரும்பிப் பாக்கிறதே இல்ல. இதை உங்க புள்ளைங்களோட அம்மாமார்கிட்டயே ஒருக்கா செஞ்சு காட்டச் சொல்லுங்களேன், கூடைப் பாரம் நெத்தியில இழுக்கிறப்ப கழுத்து எப்படி முன்னால வருதுன்னும் புள்ளைங்க பாக்கட்டும்.

மேடையில கொழுந்து நடனம்னாலே ஆரம்பத்துலருந்து கடைசி வரைக்கும் பல்லைக் காட்டி சிரிச்சுக்கிட்டே ஆடுறாங்க, எனக்கு அது பிடிக்கிறதில்ல, மழையும் அட்டையும் எங்க போச்சு? அட்டைக்கடியைக் காட்டவும் ஒரு கை இருக்குங்க! சந்தம்சம்னு ஒண்ணு, விரல் அஞ்சையும் குவிச்சுக் குவிச்சு விரிக்கிறது, அதோட விநியோகத்துல புண், பூச்சி, பெரிய பயம் மூணுமே வருது. ஒரு புள்ளை பாதி நிரையில நின்னு குனிஞ்சு கால்லருந்து அட்டையைப் பிச்சு எறிஞ்சுட்டு மறுபடி கடகாமுகத்துக்கு வந்தான்னு வைங்க, பாக்க வந்த தோட்டத்து சனம் கை தட்டாம இருக்குமா?

கேள்வி: எங்க தோட்டத்துல வருஷா வருஷம் மன்மதன் கதையை ஆடுற காமன் கூத்து நடக்கும், நானும் மதன் வேஷம் கட்டினவன். பேத்தி பரதம் படிக்கிறா. அதுல மன்மதனுக்கு கை இருக்கா? – ஒரு தாத்தா, மஸ்கெலியா

பதில்: இருக்குங்கய்யா. இடது கையில சிகரம், அதாவது விரலை மடக்கி பெருவிரலை நேரா நிறுத்துறது, அது கரும்பு வில்லைப் பிடிச்ச கை. வலது கையில கடகாமுகம், மேல தலவாக்கலை டீச்சருக்குச் சொன்ன அதே கைதான், இங்க அது நாணை இழுத்து மலர்க்கணை விடுது. பேத்தியை இந்தக் கையோட நிக்கச் சொல்லிட்டு நீங்க பக்கத்துல உங்க மதனா நின்னு பாருங்க. உங்க ஆட்டத்துல தப்பு மேளச் சத்தத்துக்கு உடம்பே முழுசா பேசும், ராத்திரியில தூரத்துல நிக்கிறவனுக்கும் தெரியணும்ல, அங்க விரல் நுனியை யாரு பாக்கிறது? அதனால ஒண்ணு ஒசத்தி ஒண்ணு மட்டம்னு பேத்தி சொன்னா ஒத்துக்காதீங்க. சிவன் நெத்திக்கண்ணைத் திறந்ததும் மதன் எரியிற கட்டத்தை அவளுக்கு நீங்க ஆடிக் காட்டுங்க, அந்த உணர்ச்சிபாவம் எந்த வகுப்புலயும் கிடைக்காது.

கேள்வி: கண்டி பெரஹரா ஊர்வலத்துல ஆடுறவங்க கையில முத்திரை ஒண்ணுமே காணோமே? – வாசகர், கட்டுகஸ்தோட்டை

பதில்: அந்த உடரட்ட, அதாவது மலைநாட்டு சிங்கள ஆட்டத்துக்கு கையால வரிக்கு வரி கதை சொல்ற வேலை இல்ல. பலமெல்லாம் கால்லயும் உடம்புலயும், ‘கெட்ட பெரய’ங்கிற மேளத்தோட அடிக்கு ஏத்த மாதிரி. அதுலயும் வன்னம்னு 18 ஆட்ட வகை இருக்கு, யானை, மயில், குதிரைன்னு சிலதுல அந்த மிருகத்தோட நடையே ஆட்டத்துல வரும். அடுத்த முறை காலைப் பாருங்க.

கேள்வி: திரிபதாகம் வைக்க மோதிரவிரலை மடக்கினா சின்ன விரலும் சேர்ந்து மடங்குது. என்ன செய்ய? – தரம் 6 மாணவி, நுவரெலியா

பதில்: எல்லாருக்கும் முதல்ல அப்படித்தான்மா, ரெண்டும் சேர்ந்து மடங்கினா அது அர்த்தபதாகம் ஆயிரும். மத்த கையால சின்ன விரலை நேராப் பிடிச்சுக்கிட்டு மோதிரவிரலை மட்டும் மெதுவா மடக்கிப் பழகு, தினமும் கொஞ்ச நேரம் போதும். உங்க ஊர் குளிர்ல காலையில எழும்பின உடனே செய்யாத, கையை சுடுதண்ணியில வச்சுட்டு செய், வலிச்சா விட்டுட்டு டீச்சர்கிட்ட காட்டு.