ஹில்லேஜ் கிட்டாரைக் கீழே வைத்தாரா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கல்லூரி நாட்களில் நண்பன் ஒருவன் பதிவுசெய்து தந்த கேசட்டில்தான் பிரிட்டன் ராக் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் ஹில்லேஜை முதலில் கேட்டேன். 'ஃபிஷ் ரைசிங்' தொகுப்பு. நாடா தேய்ந்துபோகும்வரை விடவில்லை. அண்மையில் அவரைத் தேடியபோது, பிற்காலத்தில் 'சிஸ்டம் 7' என்ற பெயரில் ஆசிட் ஹவுஸ், டெக்னோ என்று இயந்திரத் தாள நடன இசையில் இறங்கிவிட்டது தெரிந்தது. கேட்டேன். ஏழெட்டு நிமிடம் ஒரே 'தும் தும்'. கிட்டார் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. அவ்வளவு விரல்வன்மை உள்ள மனிதர், நாற்பதை நெருங்கும் வயதில் பையன்கள் பின்னால் ஓடியது ஏன்? பணமா? இயந்திரம் தானே வாசிக்கும்போது கலைஞனுக்கு அங்கே என்ன வேலை? ஒரு கட்டுரையில் நீங்கள் அவரைப் போகிறபோக்கில் பாராட்டியிருந்தீர்கள். அதனால் கேட்கிறேன்.

கே.

அன்புள்ள கே,

பணத்தை முதலில் தள்ளிவைத்துவிடலாம். எண்பதுகளில் ஹில்லேஜ் முக்கியமாக இசைத்தட்டுத் தயாரிப்பாளர். சிம்பிள் மைண்ட்ஸ் குழுவின் 1981 தொகுப்பு அவர் கைவேலை. அல்ஜீரியாவில் பிறந்து பிரான்ஸில் பாடிய ரஷீத் தாஹாவின் குழுவுக்கும் அவர்தான் தயாரிப்பாளர். காசுதான் குறி என்றால் அதிலேயே இருந்திருக்கலாம், இல்லையென்றால் நீண்ட முடியும் கம்பளித் தொப்பியுமாகப் பழைய பாட்டுகளைத் திரும்ப வாசித்து ஊர் ஊராகப் போயிருக்கலாம். கிட்டார் வீரர் என்று சம்பாதித்த பெயரை அட்டையில்கூடப் போடாமல் ஒரு எண்ணுக்குப் பின்னால் போய் உட்கார்வது வியாபார புத்தி இல்லை.

'ஃபிஷ் ரைசிங்' 1975ல் வந்தது. அதில் உங்களைக் கட்டிப்போட்டது வேகமான தனிவாசிப்புகள்தான் என்று நினைக்கிறேன். அவற்றுக்கு அடியில் ஓடுவதை ஒருமுறை கவனித்துக் கேளுங்கள். எதிரொலிக் கருவி வழியாக ஒரு சிறு சொற்றொடரை அனுப்பி, அது திரும்பி வரும் இடைவெளிக்குள் அடுத்த சொற்றொடரை வைத்து, இரண்டும் பின்னிக்கொண்டு சுழல விடுவார். இன்னொரு பழக்கம் அவர் முன்பு வாசித்த கோங் என்ற ராக் குழுவின் டேவிட் ஆலனிடமிருந்து வந்தது: கம்பியை மீட்டாமல் உலோகத் துண்டால் மெல்ல வருடுவது. அப்போது கிட்டார் கிட்டாராகவே ஒலிக்காது. நாதம் எங்கே தொடங்கியது என்று தெரியாமல் ஒரு படலம் எழும். 1976 தொகுப்பில் 'ஓம் நமசிவாய' என்றே ஒரு பாட்டு உண்டு. அடுத்த ஆண்டுத் தொகுப்பை, ஸ்டீவி வொண்டருக்கு சிந்தசைசர் என்ற மின்னணு ஒலிக்கருவியை அமைத்துக்கொடுத்த மால்கம் செசிலோடு சேர்ந்து செய்தார். ஆக, திரும்பத் திரும்ப வருவதன் மயக்கமும் மின்னணு ஒலியும் அவரிடம் ஆரம்பத்திலிருந்தே இருந்தவைதான். நாம் தனிவாசிப்பில் சொக்கிப்போய் அதைக் காதில் வாங்கவில்லை.

1979ல் 'ரெயின்போ டோம் மியூசிக்' வந்தது. லண்டன் ஒலிம்பியாவில் நடந்த மனம்-உடல்-ஆன்மா விழாவில் ஒரு கூடாரத்துக்குள் ஒலிப்பதற்காகச் செய்தது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே உருப்படிகள், தாளக்கருவி கிடையாது. வாழ்க்கைத் துணையும் சிந்தசைசர் கலைஞருமான மிக்கெட் ஜிரோடியின் பங்கு அதில் பெரிது. ஹில்லேஜைப் பற்றி எழுதுபவர்கள் ஜிரோடியை ஒரு வரியில் கடந்துவிடுவது எனக்கு எப்போதும் எரிச்சல். சிஸ்டம் 7 என்பது இவர்கள் இருவரும்தான். அந்தக் கூடாரத்தில் மேடை இல்லை. வருகிறவர்கள் யாரையும் பார்க்க வேண்டியதில்லை, கைதட்ட வேண்டியதில்லை. ஒரு ராக் கிட்டாரிஸ்ட் இதற்கு ஒப்புக்கொண்டதுதான் திருப்பம் என்று நான் சொல்வேன். அதன்பின் பத்தாண்டு கழித்து நடந்தது அதன் தொடர்ச்சி.

1989ல் லண்டன் சேரிங் கிராஸ் ரயில் நிலையத்தின் வளைவுகளுக்குக் கீழே உள்ள 'ஹெவன்' என்ற இரவு நடன விடுதியில் பால் ஓக்கன்ஃபோல்ட் திங்கட்கிழமை இரவுகளில் ஆசிட் ஹவுஸ் நடத்திக்கொண்டிருந்தார். ஆடிக் களைத்தவர்கள் வந்து சாய்வதற்கு ஒரு தனி அறை. அங்கே இசைத்தட்டுகளைச் சுழற்றியவர் அலெக்ஸ் பேட்டர்சன். ஒருநாள் ஹில்லேஜ் உள்ளே நுழைகிறார், ஒலித்துக்கொண்டிருப்பது அவருடைய அதே 'ரெயின்போ டோம்'. போய்த் தன்னை அறிமுகம் செய்துகொண்டார். ஆக, பையன்கள் பின்னால் இவர் ஓடவில்லை. இவர் பத்தாண்டுக்கு முன் செய்துவைத்ததை அவர்கள்தான் தேடி எடுத்து வைத்திருந்தார்கள். (அந்த விடுதி அப்போது வர்ஜின் நிறுவனத்தின் கையில் இருந்தது. ஹில்லேஜின் தட்டுகளை வெளியிட்டதும் வர்ஜின்தான். லண்டன் சில விஷயங்களில் ரொம்பச் சின்ன ஊர்.) 1991ல் சிஸ்டம் 7 முதல் தொகுப்பு வந்தது. அதில் பேட்டர்சன் உண்டு, டெட்ராய்ட் டெக்னோவின் டெரிக் மே உண்டு.

இனி இயந்திரம். ஆசிட் ஹவுஸின் அந்த நெளியும், சீறும் ஒலி ரோலண்ட் நிறுவனத்தின் டிபி-303 என்ற சிறு பெட்டியிலிருந்து வருவது. அது யாருக்காகச் செய்யப்பட்டது தெரியுமா? கிட்டாரிஸ்டுகளுக்காக! பேஸ் என்னும் தாழ்சுருதிப் பகுதியை வாசிக்கத் துணைக்கு ஆள் இல்லாதபோது அந்த வேலையைச் செய்ய வேண்டிய கருவி. பேஸ் கிட்டார் மாதிரி ஒலிக்கவில்லை, சுரங்களை அதில் ஏற்றுவதும் பெரும் தலைவலி. வாங்க ஆளில்லாமல் 1984ல் உற்பத்தியை நிறுத்தினார்கள். பழைய பொருள் கடைகளில் மலிவாகக் கிடைத்ததை சிகாகோ இளைஞர்கள் வாங்கினார்கள். ஒரு சுரவரிசையை ஓடவிட்டு, அது ஓடும்போதே குமிழ்களைத் திருகினார்கள். 1987ல் ஃப்யூச்சர் குழு வெளியிட்ட 'ஆசிட் டிராக்ஸ்' அப்படிப் பிறந்தது. பதினொரு நிமிடத்துக்கு மேல் ஓடும் அதில் சுரங்கள் அநேகமாக மாறுவதே இல்லை. மாறுவது ஒலியின் நிறம், கூர்மை, ஈரம். அதை மாற்றுவது குமிழில் இருக்கும் கை.

கலைஞனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டீர்களே, அந்த வேலைதான். சுரத்தை எடுத்துக்கொடுப்பது பெட்டி, எப்போது ஒலியின் கூர்மையைக் கட்டுப்படுத்தும் வடிகட்டியைத் திறப்பது, எவ்வளவு நேரம் பிடித்துவைப்பது என்று முடிவெடுப்பது மனிதக் காது. மும்பையின் திரைப்பட இசைக்குழுக்களில் கிட்டார் வாசித்த சரண்ஜித் சிங், சிகாகோவுக்கு ஐந்து ஆண்டு முன்பே, 1982ல் இதே பெட்டியை வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வெளியிட்டார். மால்கௌன்ஸ், பூபாளி எல்லாம் உண்டு, நம் ஊர்க் கணக்கில் ஹிந்தோளமும் மோகனமும். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் வசதி அந்தப் பெட்டியில் இருப்பதால் ராகம் அதில் முற்றிலும் கட்டையாகிவிடவில்லை. அப்போது அதை யாரும் சட்டைசெய்யவில்லை. 2010ல் மறுபதிப்பு வந்தபிறகு, இது எவனோ செய்த பித்தலாட்டம் என்று சந்தேகப்பட்டவர்கள்கூட உண்டு.

எல்லாம் லாபம்தான் என்று சொல்லவரவில்லை. சிஸ்டம் 7ன் பல உருப்படிகளில் கிட்டார் வெறும் ஒட்டு வேலையாக நிற்கிறது, தாளத்தோடு கலக்கவும் இல்லை, எதிர்த்து நிற்கவும் இல்லை. சில இடங்களில் தாளம் ஆடுபவர்களுக்கு மட்டும்தான், நாற்காலியில் உட்கார்ந்து கேட்கிற உங்களுக்கும் எனக்கும் அங்கே இடமில்லை. உங்கள் 'தும் தும்' அலுப்பு பாதி நியாயம். ஆனால் நீங்கள் தேடும் கிட்டார் மேடையின் நடுவில் வெளிச்சத்தில் நிற்கும் கிட்டார். அந்த இடத்தை அவர் காலிசெய்துவிட்டார். கிட்டாரையே விடவில்லை, அதே எதிரொலிப் பின்னல்தான் இங்கே தாளத்தின் அளவுக்குப் பொருத்தி வாசிக்கப்படுகிறது. பிற்பாடு கோங் நண்பர்களோடும் பழைய பாட்டுகளோடும் மேடைக்குத் திரும்பி வந்து வாசித்தும் இருக்கிறார்.

கேட்கும் வரிசையை மாற்றிப் பாருங்கள். முதலில் 'ரெயின்போ டோம்', அதுவும் இரவில், வேறு வேலை வைத்துக்கொள்ளாமல். அடுத்து பேட்டர்சனின் 'தி ஆர்ப்' குழு 1992ல் வெளியிட்ட 'ப்ளூ ரூம்'. கிட்டார் ஹில்லேஜ், பேஸ் ஜா வாபிள். தனிப்பாடலுக்கு 40 நிமிடம்தான் உச்சவரம்பு என்று பிரிட்டன் தரவரிசையில் விதி இருந்ததால், சில நொடிகள் மட்டும் குறைத்து அதே நீளத்துக்குச் செய்தார்கள். எட்டாம் இடம் வரை போனது. பிபிசியின் 'டாப் ஆஃப் த பாப்ஸ்' நிகழ்ச்சியில் வாசிக்க அழைத்தபோது குழுவினர் உட்கார்ந்து சதுரங்கம் ஆடினார்கள். வெட்டிச் சுருக்கிய பதிப்புகள் வேண்டாம், முழு நீளத்தைக் கேளுங்கள். கிட்டாரைத் தேடாதீர்கள், தானாக வரும். சிஸ்டம் 7ஐ அதற்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் எழுதுங்கள், சண்டை போடலாம்.

அன்புடன்.