மகளும் பங்காளிதான்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீதிபதி லீலா சேத் பற்றித் தேடினால் ‘முதல் பெண்’ என்ற பட்டங்களே வருகின்றன. அவரால் சட்டத்தில் உண்மையில் என்ன மாறியது? கேட்கக் காரணம் உண்டு. என் தாத்தா 1996-இல் உயில் எழுதாமல் இறந்தார். பாட்டி அதற்கு முன்பே போய்விட்டார். பூர்வீக நஞ்சை 9 ஏக்கர். அம்மாவுக்கு 1984-இல் கல்யாணம். “உனக்குப் பங்கே கிடையாது, நாங்கள் அப்போதே கூர்சீட்டு போட்டுப் பிரித்துக்கொண்டோம்” என்கிறார்கள் மாமாக்கள் இருவரும்.

ஒரு வாசகி, தஞ்சாவூர்

அன்புள்ள வாசகிக்கு,

1978-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி, 1991-இல் இமாச்சலப் பிரதேசத்தில் தலைமை நீதிபதி. இவை பெரிய விஷயங்கள்தான். ஆனால் உங்கள் அம்மாவின் நிலத்தைத் தொடுவது ஓய்வுக்குப் பிறகு அவர் செய்த வேலை. 15வது சட்ட ஆணையத்தில் உறுப்பினராக இருந்தார். இந்துப் பெண்களின் சொத்துரிமை பற்றிய 174வது அறிக்கை 2000 மே மாதம் வந்தது. மகளையும் பங்காளியாக்கிய, இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்கு அடித்தளம் அதுதான்.

‘பங்காளி’ என்று நாம் சொல்கிறோமே, சிக்கலே அங்குதான் இருந்தது. பூர்வீகச் சொத்தில் மகன் பிறந்தவுடனே பங்காளி. மகள் வெறும் வாரிசு. அப்பாவின் பங்கு எதுவோ அதில் மட்டும்தான் அவளுக்கு ஒரு கூறு. உங்கள் 9 ஏக்கரிலேயே பாருங்கள். பழைய கணக்கில் தாத்தா, இரண்டு மாமாக்கள் என்று பங்காளிகள் மூவர், ஆளுக்கு 3 ஏக்கர். தாத்தாவின் 3 ஏக்கரைப் பிள்ளைகள் மூவரும் பிரித்தால் அம்மாவுக்கு 1, மாமாக்களுக்கு நான்கு நான்கு. மகளையும் பங்காளியாக்கினால் மூவருக்கும் சரியாக மூன்று மூன்று. ‘பங்கே கிடையாது’ என்பது 1996-இல்கூடத் தவறு என்பதைக் கவனியுங்கள். பழைய சட்டமே ஓர் ஏக்கர் கொடுத்தது.

இதை லீலா சேத் ஒருவரே செய்தார் என்று சொல்ல மாட்டேன். ஆந்திரமும் தமிழ்நாடும் முன்பே சட்டம் போட்டிருந்தன. தமிழ்நாட்டுத் திருத்தம் 1989 மார்ச் 25-க்கு முன் மணமான பெண்களை வெளியே நிறுத்தியது. அம்மா அதில் மாட்டிக்கொண்டவர். 2004-இல் வந்த மத்திய மசோதாவிலும் மணமான மகள்களுக்கு அப்படியொரு விலக்கு இருந்தது. அதை நீக்கிய பிறகே 2005 செப்டம்பர் 9 முதல் திருத்தம் நடப்புக்கு வந்தது. கூடவே பிரிவு 23-உம் ஒழிந்தது. அந்தப் பிரிவு என்ன கொடுமை தெரியுமா? குடும்பம் குடியிருக்கும் வீட்டை ஆண்கள் பிரிக்க முன்வரும்வரை மகள் தன் பாகத்தைக் கேட்கவே முடியாது.

தாத்தா 2005-க்கு முன்பே இறந்ததைச் சொல்லி யாராவது மறுத்தால், 2020 ஆகஸ்ட் 11-இல் உச்ச நீதிமன்றம் வினீதா சர்மா வழக்கில் தந்த தீர்ப்பைச் சொல்லுங்கள். உரிமை மகளின் பிறப்பால் வருகிறது. திருத்தம் நடப்புக்கு வந்த அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை.

இனி கூர்சீட்டு, அதாவது குடும்பத்துக்குள் எழுதிக்கொள்ளும் பாகப்பிரிவினைச் சீட்டு. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பாகப்பிரிவினைப் பத்திரமோ நீதிமன்றத் தீர்ப்பாணையோ இருந்தால் கதவு மூடியது. அந்தத் தேதிக்கு முன் விற்ற நிலமும் திரும்பாது. பதிவாகாத கூர்சீட்டும் வாய்ப்பேச்சும் பொதுவாக எடுபடாது. மறுக்க முடியாத அரசு ஆவணங்கள் பின்னால் இருந்தால்தான் நீதிமன்றம் அபூர்வமாக ஏற்கும். ஆகவே முதலில் சார்பதிவாளர் அலுவலகத்தில் சர்வே எண் வாரியாக வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். தாய்ப்பத்திரத்தையும் தேடுங்கள். நிலம் தாத்தாவின் சுய சம்பாத்தியம் என்று தெரிந்தால் இந்தக் கணக்கே வேண்டாம். 1956 முதலே மகளுக்கும் சம பங்கு. பட்டா, வாரிசுச் சான்றிதழ் நகல்களோடு உரிமையியல் வழக்கறிஞரைச் சீக்கிரம் பாருங்கள். பங்கு மறுக்கப்பட்டது தெரிந்த நாளிலிருந்து 12 ஆண்டு என்ற காலவரம்பை எதிர்த்தரப்பு கட்டாயம் கிளப்பும். மாமாக்கள் அதை முதலில் எப்போது, எப்படிச் சொன்னார்கள் என்று அம்மாவிடம் கேட்டு எழுதி வையுங்கள்.

ஒன்று மட்டும் இன்றே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். “பட்டா மாற்ற ஒரு கையெழுத்து” என்று யார் கூப்பிட்டாலும், தலைப்பில் ‘விடுதலைப் பத்திரம்’ என்று இருக்கிறதா என்று பார்க்காமல் போட வேண்டாம். பல பெண்கள் சட்டம் தந்த பங்கை இழப்பது அந்தத் தாளில்தான். ஏமாற்றி வாங்கியிருந்தாலும், அது தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் ரத்து கேட்டு வழக்குப் போட்டாக வேண்டும்.