பாங்காக்கை நடந்தே பார்க்கலாம், கடிகாரத்தைப் பார்த்துக் கிளம்பினால்

கேள்வி: டிசம்பர் கடைசியில் அம்மாவுடனும் (வயது 67) பத்தாம் வகுப்புப் படிக்கும் மகனுடனும் பாங்காக் போகிறேன். சுற்றுலாக்காரர்களின் திட்டத்தில் அரண்மனையும் இரண்டு கோயில்களும் அரை நாளில் முடிந்துவிடுகின்றன. மீதி நேரமெல்லாம் கடைத்தெரு. எங்கள் கையில் இரண்டு முழு நாட்கள் இருக்கின்றன. கோயில்கள், அரண்மனை, அருங்காட்சியகம் எல்லாவற்றையும் நடந்தே பார்க்க முடியுமா? எந்த வரிசையில் போவது? அம்மாவுக்கு முட்டிவலி உண்டு. நாங்கள் சைவம். (திருச்சி வாசகர் ஒருவர்)

பதில்: தாராளமாக முடியும். பாங்காக் பெரிய நகரம்தான். ஆனால் நீங்கள் பார்க்க விரும்புவதில் பெரும்பகுதி ரத்தனகோசின் என்ற பழைய நகரத்துக்குள் அடங்கிவிடும். 1782இல் மன்னர் முதலாம் ராமா தலைநகரைச் சாவ் பிரயா ஆற்றின் கிழக்குக் கரைக்கு மாற்றினார். ஒரு பக்கம் ஆறு, மறு பக்கம் கால்வாய் என்று அந்தப் பகுதியையே தீவாக்கி, அதற்குள் அரண்மனையையும் கோயில்களையும் கட்டினார்கள். ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு ஒரு கிலோமீட்டர், மிஞ்சினால் ஒன்றரை.

அதனால் தூரத்துக்குப் பயப்பட வேண்டாம், வெயிலுக்குப் பயப்படுங்கள். டிசம்பர் அங்கே குளிர்காலம் என்பார்கள். அந்தக் குளிர்காலத்தின் பகல் பன்னிரண்டு மணிக்கு அரண்மனையின் கல்தளத்தில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் அதன் லட்சணம் தெரியும். எனவே எந்த இடம் முக்கியம் என்று வரிசை போடாதீர்கள். எந்த நேரத்தில் எங்கே நிழல் இருக்கும் என்று போடுங்கள். காலையில் திறந்தவெளி, உச்சிவேளையில் கூரையும் ஏசியும், மாலையில் ஆற்றங்கரை. என் திட்டமெல்லாம் இவ்வளவுதான்.

முதல் நாள் பெரிய அரண்மனை. காலை 8.30க்குத் திறக்கிறார்கள், நீங்கள் 8.15க்கு நா பிரலான் சாலையில் உள்ள வாசலில் இருக்க வேண்டும். பத்து மணியைத் தாண்டினால் சுற்றுலா பஸ்கள் வரிசையாக வந்து நிற்கும், கொடி பிடித்த வழிகாட்டிகளுக்குப் பின்னால் நீங்களும் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டியதுதான். ஆற்றுப் படகில் வந்து தா சாங் துறையில் இறங்கினால் வாசல் மிகப் பக்கம். தா சாங் என்றால் யானைத் துறை. அரண்மனை யானைகளைக் குளிப்பாட்டிய இடம்.

துறையிலிருந்து வாசலுக்குப் போகும் அந்தச் சிறிய தூரத்தில்தான் ஒருவர் உங்களிடம் வருவார். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் ஏதோ ஓர் அட்டை, நல்ல ஆங்கிலம். "இன்று காலை விசேஷ பூஜை, அரண்மனை மூடியிருக்கிறது. ஒரு மணிக்குத்தான் திறப்பார்கள். அதுவரை வேறு கோயில்களைப் பாருங்கள், டுக்டுக் இருபது பாட்தான்" என்பார். நம்பிவிடாதீர்கள். பல வருடங்களுக்கு முன் நான் நம்பினேன். ஒரு சிறிய கோயிலைக் காட்டிவிட்டு ரத்தினக் கடை ஒன்றில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். வெளியே வர முக்கால் மணி நேரம் பிடித்தது. மூடியிருக்கிறதா இல்லையா என்பதை வாசலில் நிற்கும் காவலர் சொல்லட்டும். அரச குடும்பச் சடங்குகளுக்காகச் சில நாட்களில் உண்மையாகவே மூடுவார்கள். முந்தைய நாள் இரவே அரண்மனையின் இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள்.

உடை விஷயத்தில் கண்டிப்பானவர்கள். அரைக்கால் சட்டை, கையில்லாத மேலாடை, முட்டியில் கிழித்த ஜீன்ஸ் எதற்கும் அனுமதி இல்லை. உங்கள் மகனிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கழற்றி மாட்ட எளிதான செருப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் பத்து முறையாவது கழற்ற வேண்டியிருக்கும், ஒவ்வொரு முறையும் குனிந்து கயிறு கட்ட அம்மாவால் முடியாது.

அரண்மனை மதிலுக்குள் இருப்பதுதான் மரகத புத்தர் கோயில், வாட் பிரா கேவ். பெயர்தான் மரகதம், சிலை பச்சை நிற ஜேட் வகைக் கல்லால் ஆனது. உயரம் 66 சென்டிமீட்டர்தான். உயரமான பீடத்தில் இருப்பதால் முதல் பார்வைக்கு இன்னும் சிறியதாகத் தெரியும். கோடை, மழை, குளிர் என்று பருவத்துக்கு ஓர் உடை உண்டு. மாற்றுவது மன்னரின் கடமை. நீங்கள் போகும் மாதத்தில் பொன் வலைப் போர்வை போர்த்தியிருப்பார். உள்ளே படம் எடுக்கக் கூடாது. உட்காரும்போது பாதம் புத்தரை நோக்கி நீளக் கூடாது. வாசற்படியை மிதிக்காமல் தாண்டிப் போங்கள்.

கூட்டம் புத்தரைப் பார்த்துவிட்டு அப்படியே வெளியேறிவிடும். நீங்கள் வெளியேறாதீர்கள். கோயிலைச் சுற்றியுள்ள திருச்சுற்று மண்டபத்தின் சுவர் முழுவதும் ராமகியென் ஓவியங்கள், மொத்தம் 178 பகுதிகள். தாய்லாந்தின் ராமாயணம் இது. வடக்கு வாசலருகே, ஏர்முனையில் சீதை கிடைக்கும் காட்சியில் தொடங்கி, வலமாகச் சுற்றி வந்தால் கதை வரிசையாக நகரும். மேலே கூரை இருக்கிறது, நிழல் இருக்கிறது, அம்மா மெதுவாக நடக்கலாம். அவருக்கு இங்கே வழிகாட்டி தேவைப்படாது என்பது என் எண்ணம். உங்கள் மகனுக்கு அவரே கதை சொல்லிவிடுவார்.

சில இடங்களில் மட்டும் அவர் திகைத்து நிற்பார். மதில் அளவுக்கு உருவெடுத்த வெள்ளை அனுமன், ராமனின் கூடாரத்தையே வாய்க்குள் வைத்துக் காவல் காக்கும் காட்சி ஒன்று உண்டு. வான்மீகியில் இல்லை, கம்பனிலும் இல்லை. ஆனால் மயில்ராவணன் கதை கேட்டு வளர்ந்தவர்கள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். அங்கே அவன் பெயர் மையராப். மயக்கப் பொடி தூவி ராமனைப் பாதாளத்துக்குக் கடத்திப் போகிறான். மீட்கப் போகும் அனுமனைப் பாதாள வாசலில் தடுப்பவன் அனுமனின் சொந்த மகனேதான், மீன்வாலுடன். அந்த மகன் பிறந்த கதையை அம்மாவிடம் கொஞ்சம் பதமாகச் சொல்லுங்கள். சேது கட்டும்போது கற்களைத் திருடிய மீன்கன்னி, தசகண்டன் என்ற ராவணனின் மகள். அவளிடம் காதல் கொள்கிறான் அனுமன். தாய்லாந்து அனுமன் பிரம்மச்சாரி அல்ல.

இந்தச் சுற்றுக்கு மட்டும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மற்ற மண்டபங்களை நின்று பார்த்துவிட்டு நகரலாம். சக்ரி மகா பிராசாத் முன் மட்டும் ஒரு நிமிடம் நில்லுங்கள். ஐந்தாம் ராமா காலத்தில் 1882இல் முடிந்தது. உடல் முழுக்க ஐரோப்பியக் கட்டடம், தலையில் தாய்லாந்துக் கூரை. கிரீடம் வைத்த வெள்ளைக்காரன் என்று அந்த ஊர்க்காரர்களே கேலி செய்வார்கள். பதினொரு மணி வாக்கில் வெயில் ஏறும்போது வளாகத்துக்குள்ளேயே இருக்கும் அரசி சிரிகித் துணி அருங்காட்சியகத்துக்குள் நுழைந்துவிடுங்கள். உங்கள் 500 பாட் டிக்கெட்டிலேயே அதுவும் சேர்த்தி. ஏசி உண்டு. அம்மாவுக்குப் பட்டு பார்த்தால் அலுக்காது.

மதியம் சாப்பிட்டு, ஏசியில் இரண்டு மணி நேரம் உட்காருங்கள். தா சாங் துறைக்குக் கொஞ்சம் வடக்கே தா மகராஜ் என்ற ஆற்றோரக் கடைவளாகம் இருக்கிறது. அறைக்குத் திரும்பிப் போகிறேன் என்று கிளம்பினால் போக்குவரத்தில் அந்த நாளே கரைந்துவிடும்.

மூன்று மணிக்கு வாட் போ. அரண்மனை மதிலைச் சுற்றிக்கொண்டு தெற்கே ஒரு கிலோமீட்டர் நடை. அம்மாவுக்கு முடியாவிட்டால் டாக்சி. இங்கேதான் 46 மீட்டர் நீளப் பள்ளிகொண்ட புத்தர் இருக்கிறார். எல்லாரும் தலைப்பக்கம் நின்று படம் எடுப்பார்கள். நீங்கள் பாதத்தின் பக்கம் போங்கள். ஆளைவிட உயரமான இரண்டு உள்ளங்கால்கள், அவற்றில் முத்துச்சிப்பி பதித்த 108 மங்கலச் சின்னங்கள். முதுகுப்புறமாக வந்தால் 108 வெண்கலக் கிண்ணங்கள் வரிசையாக இருக்கும். சில்லறை வாங்கி ஒவ்வொன்றிலும் ஒரு காசு போட்டுக்கொண்டே போகிறார்கள். கண்ணை மூடினால் அந்தக் கூடம் முழுவதும் மழைத்துளி விழுவதுபோல ஒரு சத்தம்.

வாட் போவில் புத்தரோடு திரும்பிவிடுவது பெரிய தவறு. மூன்றாம் ராமா இந்தக் கோயிலையே ஒரு பாடசாலையாக மாற்றினார். வைத்தியம், இலக்கியம், உடற்பயிற்சி என்று அந்தக் காலத்து அறிவையெல்லாம் கல்லில் வெட்டிச் சுவர்களில் பதித்தார். 2011இல் யுனெஸ்கோ அந்தக் கல்வெட்டுகளை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. சிறு பாறைக்குன்றுகளின் மேல் உடலை முறுக்கி உட்கார்ந்திருக்கும் ரிஷி சிலைகளைத் தேடிப் பாருங்கள். ஒவ்வொருவரும் ஏதோ ஒரு வலிக்கு ஆசனம் செய்துகாட்டுகிறார்கள். முட்டிவலிக்காரருக்கு அந்தக் கோயிலிலேயே மரபுவழி மசாஜ் நிலையமும் உண்டு. முட்டியை அழுத்த வேண்டாம், பாதம் மட்டும் போதும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நான்கரைக்கு எதிரே தா தியன் துறையில் சில பாட் கொடுத்து அக்கரைப் படகு ஏறினால் வாட் அருண். சூரியனின் தேரோட்டி அருணன்தான், விடியலின் கோயில். தூரத்தில் வெண்கோபுரமாகத் தெரிவது, கிட்டே போனதும் உடைந்த சீனப் பீங்கான் தட்டுகளால் செய்த பூக்களாக மாறிவிடும். படிகள் செங்குத்தானவை, மகன் ஏறட்டும், அம்மா கீழே ஆற்றங்கரை மண்டபத்தில் உட்காரட்டும். ஆறு மணிக்குள் திரும்பி இக்கரையில் நின்றுகொள்ளுங்கள். சூரியன் கோபுரத்துக்குப் பின்னால் இறங்கும்.

இந்த மூன்று இடங்களுக்கும் சேர்த்து ஆளுக்கு 1,000 பாட் நுழைவுக் கட்டணமாகும்: அரண்மனை 500, வாட் போ 300, வாட் அருண் 200. அவ்வப்போது ஏற்றுவார்கள், கொஞ்சம் கூடுதலாகவே கையில் வைத்திருங்கள்.

இரண்டாம் நாள் காலை ஏழரைக்கு வாட் சாகேத்தின் பொன்மலையில் தொடங்கலாம். 344 படி என்றதும் மிரள வேண்டாம். மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும் தாழ்வான படிகள், மர நிழல் உண்டு. ஆனாலும் முட்டியைக் கேட்டு முடிவு செய்யுங்கள். அம்மா வராவிட்டால் அவருக்குப் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. பக்கத்திலேயே 37 கூர்முனைகள் கொண்ட லோஹப் பிராசாதம், அதாவது உலோக மாளிகை. அங்கிருந்து தெற்கே பம்ருங் முவாங் சாலை வழியாக நடங்கள். இருபுறமும் புத்தர் சிலைக் கடைகள். ஆளுயரப் பொன் புத்தர்கள் தூசி படாமல் பிளாஸ்டிக் தாள் சுற்றிக்கொண்டு நடைபாதையில் காத்திருப்பார்கள்.

சாலை முடியும் இடத்தில் சிவப்பு வண்ணத்தில் வானளாவிய இரண்டு தேக்குத் தூண்கள். ராட்சத ஊஞ்சல். 1935 வரை அதில் ஆடினார்கள். காற்றில் எழும்பி, எதிரே கம்பத்தில் தொங்கும் காசு முடிப்பைப் பல்லால் கவ்வ வேண்டும். அதையொட்டிய விழாவின் பெயரைத் தாய்லாந்து மொழியில் திரியம்பவாய், திரிபவாய் என்பார்கள். மெதுவாக உச்சரித்துப் பாருங்கள்: திருவெம்பாவை, திருப்பாவை. ஊஞ்சல் நின்றாலும் சடங்கு நிற்கவில்லை. பக்கத்துத் தேவஸ்தானத்தில், 1784இல் கட்டிய சிவன், பிள்ளையார், நாராயணன் சன்னதிகளில், தாய்லாந்துப் பிராமணர்கள் பொருள் தெரியாமலே அந்தப் பாடல்களின் தேய்ந்த வடிவத்தை இன்றும் ஓதுகிறார்கள். விழா பெரும்பாலும் ஜனவரியில் வரும். நீங்கள் போவது மார்கழியில். வழிகாட்டிகள் பலர் இந்த வெள்ளை மதிலைக் காட்டாமலே கடந்துவிடுவார்கள். நீங்கள் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வாருங்கள். எதிரே வாட் சுதத்தில் சுகோதாயிலிருந்து கொண்டுவந்த மாபெரும் வெண்கல புத்தர் இருக்கிறார்; கூட்டம் குறைவு, குளுமை அதிகம்.

பதினொன்றரைக்கு டாக்சி பிடித்துத் தேசிய அருங்காட்சியகம். இளவரசரின் பழைய முன்னரண்மனை அது. மரத்தேர்க் கூடத்தை விடாதீர்கள்: அரசர்களின் இறுதி ஊர்வலத்துக்காக 1795இல் செய்த தேர், 2017இல் ஒன்பதாம் ராமாவின் இறுதிச் சடங்கிலும் ஓடியது. 1292ஆம் ஆண்டின் ராம் காம்ஹேங் கல்வெட்டையும், தெற்கே தகுவா பாவில் கிடைத்த ஆளுயர விஷ்ணுவையும் பார்த்துவிடுங்கள்; பாக்கியைக் கால் சொல்வதைப் பொறுத்து முடிவு செய்யலாம். திங்கள், செவ்வாய் விடுமுறை. புத்தாண்டுப் பண்டிகை நாட்களிலும் மூடுவார்கள். உங்கள் தேதி அப்படி அமைந்தால் சனாம் சாய் மெட்ரோ நிலையத்தின் மேலேயே இருக்கும் மியூசியம் சயாமுக்குப் போங்கள். அதற்குத் திங்கள் மட்டும் விடுமுறை. மகனுக்கு ஒருவேளை அதுதான் அதிகம் பிடிக்கும்.

சாப்பாட்டுக்கு ஒரு சொல் போதும்: ஜே. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து, நம் கண்ணுக்கு 17 என்ற எண்போலத் தெரியும். அந்தக் கொடி உள்ள கடையில் மீன், முட்டை, வெங்காயம், பூண்டு எதுவும் கிடையாது. கொடி இல்லாத கடையில் 'காய்கறி மட்டும்' என்று சொன்னால் போதாது. மீன் சாறு அவர்களுக்கு உப்பு மாதிரி. "மை சை நம் பிளா" என்று அதைப் பெயர் சொல்லியே மறுக்க வேண்டும்.

இரண்டாம் நாள் இரவு இந்தியச் சாப்பாடு வேண்டும் என்றால் பாஹுரத் போய்விடலாம். போகும் வழியில்தான் பாக் க்லாங் பூச்சந்தை. மாலையில் மல்லிகை மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். ஐஸ் தூவி வைத்திருப்பார்கள், பெண்கள் வாசலில் உட்கார்ந்து கோத்துக்கொண்டிருப்பார்கள். அம்மா விலை கேட்காமல் நகரமாட்டார், அதற்கும் அரை மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.