கல்லூரி மன்றத்துக்குப் பொறுப்பாசிரியர் எதற்கு?

மாணவர்களே நடத்தும் மன்றத்தில் ஆசிரியருக்கு என்ன வேலை என்று கேட்டிருக்கிறீர்கள். பல மன்றங்களில் கையெழுத்துப் போடுவதுதான். ஆனால் அந்தக் கையெழுத்து இல்லாமல் அரங்கமும் கிடைக்காது, பணமும் வராது.

நாட்டு நலப்பணித் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1969-இல் தொடங்கியது. வழக்கமாக 100 மாணவர் கொண்ட அணிக்கு ஓர் ஆசிரியர் திட்ட அலுவலர். ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் சேவை. அந்தப் பதிவேடு அவர் பொறுப்பு. 7 நாள் சிறப்பு முகாம் வந்துவிட்டால் நிலைமையே வேறு. ஊராட்சித் தலைவரிடம் பேச வேண்டும், தங்க இடம் பிடிக்க வேண்டும், சமையலுக்கு ஆள் பார்க்க வேண்டும், கவலைப்படும் பெற்றோருக்குப் போனில் பதில் சொல்ல வேண்டும். முகாம் முடிந்ததும் ரசீதுகளைத் தேடி ஒட்ட வேண்டும். இதற்கு நடுவில் தன் பாடத்தையும் முடித்தாக வேண்டும், பாவம்.

இன்னொன்று: மாணவர்கள் மூன்று ஆண்டில் போய்விடுவார்கள். போன தடவை யாரிடம் அனுமதி வாங்கினோம், எங்கே சிக்கியது என்பது அவருக்குத்தான் தெரியும்.

சரி, தலைப்பு முதல் விருந்தினர் வரை அவரே முடிவு செய்தால்? அது மன்றமே இல்லை. ஆண்டுத் தொடக்கத்திலேயே செயலாளரும் பொருளாளரும் நிகழ்ச்சித் திட்டத்தையும் உத்தேசச் செலவையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அப்புறம் பேசுவது எளிது.