பல் கெடுவது இனத்தைப் பொறுத்ததா?

கேள்வி: எனக்கு 47 வயது. கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். ஐந்து வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது. அமெரிக்காவில் இருக்கும் தம்பி மகன், அங்கே வெள்ளையர்கள் வலி இல்லாதபோதே போய்ப் பல்லைச் சுத்தம் செய்துகொள்கிறார்கள், கறுப்பின மக்களில் அப்படிப் போகிறவர்கள் குறைவு, சொத்தையும் அவர்களுக்குத்தான் அதிகம் என்கிறான். பல்லும் இனத்தைப் பொறுத்ததா? எங்கள் லைன் வீடுகளில் வலிக்காமல் யாரும் பல் டாக்டரிடம் போனதில்லை. சுத்தம் செய்தால் பல் ஆடிவிடும் என்கிறார்கள். வெற்றிலை பாக்கு போடும் என் கணவருக்கோ இதுவரை பல் வலியே வந்ததில்லை.

பதில்: தம்பி மகன் சொன்ன தகவல் பெரும்பாலும் சரிதான் அம்மா, வைத்தியம் பார்க்காமல் விட்ட சொத்தைதான் அவர்களிடம் அதிகம். ஆனால் காரணம் ரத்தத்தில் இல்லை. சொத்தை உண்டாக்கும் கிருமி யார் வாயில் இருந்தாலும், இனிப்பு கிடைத்தால் அமிலம் சுரக்கும். அமெரிக்காவில் பல் வைத்தியத்துக்குப் பெரும்பாலும் தனிக் காப்பீடு வேண்டும். 65 வயது தாண்டியவர்களுக்கென்று 1965இல் சட்டமான மெடிகேர் என்ற அரசுக் காப்பீட்டிலும் சாதாரணப் பல் பராமரிப்பைச் சேர்க்கவில்லை. காசோடு முடிந்ததா என்றால், அதுவும் இல்லை. கறுப்பினப் பல் மருத்துவர்களையே உறுப்பினராகச் சேர்க்காத சங்கங்கள் அங்கே இருந்தன. அதைத் தடுக்காமல் விட்டதற்கு அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2010இல் மன்னிப்புக் கேட்டது. பெற்றோர் போய்ப் பழகாத இடத்துக்குப் பிள்ளைகள் எப்படிப் போவார்கள்?

உங்கள் லைனிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். டாக்டரிடம் போனால் அரை நாள் கூலி போகும், பஸ் செலவு வேறு. தாங்க முடியாமல் போகும்போது, சொத்தையை அடைக்கும் கட்டம் தாண்டியிருக்கும். பிடுங்கத்தான் வேண்டும். பல் டாக்டர் என்றால் பல் பிடுங்குகிறவர் என்றே வீட்டில் எல்லார் மனதிலும் பதிந்துவிடுகிறது.

பல் ஆடிவிடும் என்ற பயத்துக்கு வருகிறேன். ஈறோரம் மஞ்சளாகக் கல்லுப்போல் படிவது காரை. அதில் கிருமிகள் தங்கி ஈறு வீங்கும், ரத்தம் கசியும். விட்டுவிட்டால் பல்லைத் தாங்கும் எலும்பே கரையும். அப்படிக் கரைந்த இடத்தில் சில சமயம் காரைதான் பல்லைப் பக்கத்துப் பல்லோடு பிடித்து வைத்திருக்கும். அதை எடுத்ததும், முன்பே இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது. சுத்தம் செய்ததால் வந்த ஆட்டம் அல்ல அது. சில நாள் பல் கூசும், அப்புறம் ஈறு இறுகும். உங்களுக்கு இது மிகவும் அவசியம். சர்க்கரை ஏறினால் ஈறு கெடும். ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் சிரமம். மாத்திரை வாங்கப் போகும் நாளிலேயே அரசு மருத்துவமனைப் பல் பிரிவையும் பார்த்துவிட்டு வாருங்கள், இன்னொரு நாள் கூலி மிச்சம்.

ரத்தம் வருகிறதே என்று பல் தேய்ப்பதை நிறுத்தாதீர்கள். மென்மையான பிரஷ், ஃபுளோரைடு பேஸ்ட், காலையிலும் இரவு படுக்கும் முன்பும். சாம்பல், செங்கல் பொடி வேண்டாம். குளிருக்கு அடிக்கடி டீ குடிப்பீர்கள், சரி, சர்க்கரை போடாமல் குடியுங்கள்.

உங்கள் கணவரை நினைத்துத்தான் எனக்கு அதிகக் கவலை. புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு வாய்ப் புற்றுநோயைக் கொண்டுவரும், தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வாய்க்குள் நுழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நுழையாவிட்டாலோ, காரம் பட்டு எரிந்தாலோ, கன்னத்தின் உட்புறம் வெளுத்திருந்தாலோ, இரண்டு வாரமாக ஆறாத புண் இருந்தாலோ, முதலில் அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.